ஆடிக் காற்றுக்கு அளவெடுத்த வண்டி

தென் மாவட்டங்களில் செங்கல் சூளைக்குப் பெயர் காளவாசல். மதுரையின் மேற்குப் பக்கத்துச் சந்திப்புக்கும் அதே பெயர்தான். 2020-ல் மேம்பாலம் திறந்த பிறகும், சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அங்கே சிக்னலில் நிற்கிறவருக்குப் பெயர்க்காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே இடத்திலிருந்து தேனி ரோட்டில் மேற்கே திரும்பி, விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி ஆடி மாதத்தில் ஒரு ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். சூளை போய்த் துருத்தி வந்துவிடும். செக்கானூரணிக்கு அப்புறம் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்ப வைக்கும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கும் நடுவில் வண்டி தன் இஷ்டத்துக்கு அரை அடி நகரும்.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கினேன். 125 சிசி. முன்பக்கம் அகலமாக, கால் நீட்டி உட்கார வசதியாக, 'டூரிங்' என்ற சொல்லைச் சேர்த்து விற்கிற ரகம். ஓட்டுகிறவன் 48 வயதுக்காரன். ஐந்தடி பத்து அங்குலம். பல வருடமாக மேசை வேலை. முதல் சர்வீஸ் முடிந்த மறுநாளே போடிநாயக்கனூரில் ஒரு கேத வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. போக வர சுமார் 180 கிலோமீட்டர். சாயங்காலம் திரும்பிவந்து காளவாசலில் டீ குடிக்க இறங்கியபோது கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. வால் எலும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"புது வண்டியாண்ணே, நல்லா இருக்கா?" என்றார் டீக்கடைத் தம்பி.

வண்டி நல்லாத்தான் இருந்தது.

கடையில் வாங்கும் வண்டி ரெடிமேட் சட்டை மாதிரி. சராசரி உயரம், சராசரி எடை, சராசரி தூரம் என்று கணக்குப் போட்டு வெட்டியது. புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிய காலத்தில், சட்டை ஒரு விரற்கடை தொளதொளத்தாலும் நேரே அங்கே போய் நின்ற ஊர் இது. (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) ஐந்நூறு ரூபாய்ச் சட்டையை ஆல்டர் செய்யாமல் போடாதவர்கள், லட்ச ரூபாய் வண்டியை மட்டும் ஷோரூமில் தந்தபடியே பத்து வருடம் ஓட்டுகிறோம். பிறருக்கு என்று வரும்போது நமக்குக் கை ஓடும். கால்வைக்கும் இடத்தில் பிள்ளைக்குக் குட்டி நாற்காலி மாட்டுவோம். டிவிஎஸ் 50-ல் ஒரு கடையையே ஏற்றிக் கட்டுவோம். கால் ஊன்ற முடியாதவர்களுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஊரெங்கும் ஓடுகிறது. ஆளுக்கு ஏற்ற வண்டி என்றால் என்ன என்று நிஜமாகத் தெரிந்தவர்கள் அவற்றைச் செய்கிற மெக்கானிக்குகள்தான். ஓட்டுகிறவனின் சொந்த முதுகுக்கு என்றால்தான் "பழகிரும்" என்று விட்டுவிடுகிறோம்.

பழகாது. மரத்துப் போகும், அவ்வளவுதான்.

சேறு படாத வண்டி

ஸ்கூட்டர் பிறந்ததே உடம்பைக் காப்பாற்றத்தான். 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டாஸ்கானியோ விமானப் பொறியாளர். ஹெலிகாப்டர் செய்து பார்த்தவர். சங்கிலி எண்ணெயும் தெருச் சேறும் உடுப்பில் படாமல் ஓட்ட வேண்டும் என்று நினைத்து இன்ஜினைப் பின்னால் மூடிவைத்தார், காலுக்கு முன்னால் தகடு வளைத்து நிறுத்தினார். நம் ஊரில் வேட்டியும் சேலையும் ஸ்கூட்டரோடு ஒத்துப்போனதற்குக் காரணம் அந்தத் தகடும், நடுவில் இருக்கும் தட்டைப் பலகையும்தான். ஆனால் அந்தக் காப்பு இடுப்போடு நின்றுவிட்டது. நெஞ்சும் முகமும் காற்றுக்கு விட்டவை. அதனால்தான் லாம்பிரெட்டா காலத்திலும், 1972-ல் வந்த சேத்தக் காலத்திலும், வசதியுள்ளவர்கள் ஹேண்டில்பாரில் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் வருகிறாரா, இன்ஜினீயர் வருகிறாரா என்று தூரத்திலேயே தெரியும்.

பெரிய கண்ணாடியோடு நீண்ட தூரம் போகிற ஸ்கூட்டர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் தனி இனமாகவே வளர்ந்தன. சுசுகியின் பர்க்மேன் 400 வந்தது 1998-ல். அந்தப் பெயரைக் குட்டியாக்கி 2018-ல் இந்தியாவில் பர்க்மேன் ஸ்ட்ரீட் 125 வந்தது. அண்ணனிடம் இருந்த உயரமான கண்ணாடி தம்பிக்கு வரும்போது கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. பார்வைக்கு அழகு, காற்றுக்கு முன்னால் பொட்டு வைத்த மாதிரி. பின் சக்கரமும் முதலில் 10 அங்குலம்தான். 2022 டிசம்பரில் வந்த இஎக்ஸ் ரகத்தில் அதை 12 ஆக்கினார்கள். பள்ளத்தில் விழுந்து எழும் வேதனை நிறுவனத்தின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். யமஹாவின் ஏராக்ஸ், ஹீரோவின் ஜூம் 160 போன்றவை 14 அங்குலச் சக்கரத்தோடு வருகின்றன. ரோட்டைப் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணாடியைவிடப் பெரிய செய்தி.

பாம்பனில் ரயிலை நிறுத்தும் காற்று

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விழும், ரயில் கரையிலேயே நிற்கும். இலை அசையாத ஒரு காலையில் நீங்கள் 60-ல் ஸ்கூட்டர் ஓட்டினால், அதே வேகக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறீர்கள். ரயிலுக்கு அது பக்கவாட்டுக் காற்று, உங்களுக்கு எதிர்க்காற்று என்பது மட்டும்தான் வித்தியாசம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 60-ல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. ஒரு ஆளின் நெஞ்சும் தோளும் சேர்ந்த பரப்புக்கு ஐந்தாறு கிலோ வரும். அதாவது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை நெஞ்சில் சாய்த்துவைத்துக் கைகளால் தாங்கிக்கொண்டே போடி வரை போவது போல. ஆடியில் எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 90. அழுத்தம் இரண்டேகால் மடங்கு. என் விரல்கள் மரத்ததற்கு ஆக்ஸிலேட்டர் காரணமில்லை. பின்னால் சாய்ந்துவிடாமல் இருக்க ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தேனி ரோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ரோடு மேற்கே போகிறது, தென்மேற்குப் பருவக்காற்று முன் இடது தோளில் விழுகிறது. திரும்பும்போது அதே காற்று பின் வலது பக்கமிருந்து தள்ளிவிடும். போகும்போது குடித்த பெட்ரோலில் கொஞ்சத்தை வரும்போது திருப்பித் தருகிற ரோடு. கணவாய் ஒரு புனல். மலை இரண்டு பக்கமும் நெருங்க, நடுவில் காற்று இறுகி வேகமெடுக்கும். தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. தெற்கே நான்குவழிச்சாலையில் கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் போனாலும் இதே கதைதான். அங்கே காற்று வலது தோளுக்கு மாறும்.

ஆகவே கண்ணாடி. எல்லோரும் செய்வதைப் போல நானும் இணையத்தில் ஒன்றரை அடி உயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டினேன். நாகமலை தாண்டியதும் நெஞ்சில் காற்றில்லை. அப்பாடா என்று முடுக்கினால், 55-ல் ஹெல்மெட் உடுக்கை அடிக்க ஆரம்பித்தது. கண் எதிரே ரோடு இரண்டிரண்டாக அதிர்ந்தது. பல்கலைக்கழக வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

பைபாஸ் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பிக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உசரத்த வண்டிக்குப் பாக்காதீங்கண்ணே, உங்க மூக்குக்குப் பாருங்க" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டுகிற காற்று நேராகப் போகாது, சுருண்டு புரளும். அந்தச் சுருள் எந்த உயரத்தில் வந்து விழுகிறதோ, அந்த உயரத்தில் இருப்பது அடிபடும். விளிம்பு தாழ்வாக இருந்தால் தோளில் விழும், தோள் தாங்கும். தலைக்கு மேலே போகிற அளவு உயரமாக இருந்தால் கண்ணாடி வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். மழையிலும், எதிர்வண்டி விளக்கு கீறல்களில் சிதறும் இரவிலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். இரண்டுக்கும் நடுவே, சரியாக ஹெல்மெட்டில் போய் விழுகிற உயரத்தில் என் கண்ணாடி நின்றிருந்தது. போதாததற்கு, பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த குழி ஒன்று உண்டாகும்; அதை நிரப்ப முதுகுப் பக்கத்துக் காற்று முன்னால் பாயும். யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான். கண்ணாடிக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் கீழேயிருந்து கொஞ்சம் காற்று புகுந்து அந்தக் குழியை நிரப்பும், தள்ளல் குறையும்.

தம்பி அச்சகத்துக் கழிவிலிருந்து ஒரு சன்பேக் அட்டை கொண்டுவந்தார். யாருடைய காதணி விழாவோ, பாதி முகம் தெரிந்தது. அதைக் கண்ணாடி வடிவத்துக்கு வெட்டி, பழைய சின்னக் கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டினோம். விளிம்பிலும் ஹெல்மெட்டிலும் ஆறு அங்குல நூல் துண்டுகள். அவர் முன்னால் பைக்கில் போய்த் திரும்பித் திரும்பிப் பார்க்க, நான் பின்னால். நூல் நீட்டி நின்றால் அங்கே காற்று ஒழுங்காக ஓடுகிறது. பம்பரம் சுற்றினால் சுருள். விடிகாலை ரோட்டில் மூன்று நடை போய், ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை வெட்டினோம். கடைசியில் விளிம்பு மூக்குக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. ஹெல்மெட் நூல் நீட்டிக்கொண்டு ஓடியது. முகத்துக்குத் தெளிந்த காற்று, நெஞ்சுக்கு அமைதி. வாங்கிய ஒன்றரை அடியில் ஆறு அங்குலம் வீண்.

எதில் செய்வது என்பதில் அவசரப்படக் கூடாது. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் அக்ரிலிக் மலிவு, வெட்டுவது சுலபம், சூடு காட்டினால் வளையும். ஆனால் விழுந்தால் சில்லுச் சில்லாக உடையும். உடையும் இடம் உங்கள் கழுத்துக்கு எதிரே. பாலிகார்பனேட் உடையாது. கீறல் மட்டும் சீக்கிரம் விழும், பெட்ரோல் பட்டால் பூத்துப்போகும். உலர்ந்த துணியால் துடைக்காமல், தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டுத் துடைத்தால் பல நாள் வரும். 4 மில்லிமீட்டர் தடிமன் போதும். போல்ட் ஓட்டையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைக்க வேண்டும் என்றார் தம்பி. கணக்குப் பார்த்தேன்: 40 சென்டிமீட்டர் பாலிகார்பனேட் தகடு, மார்கழி விடியலுக்கும் சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த சூட்டுக்கும் நடுவே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். இறுக்கி முடுக்கிய கண்ணாடிகள் ஏன் ஓட்டையிலிருந்து விரிசல் விடுகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி வண்டிகளில் கண்ணாடியை ஹேண்டிலோடு கட்டுவார்கள். அங்கே பக்கக்காற்று கண்ணாடியைத் தள்ளினால் ஹேண்டிலே திரும்பும். லாரி முந்தும்போது உயிர் ஒரு நிமிடம் நின்று வரும். அந்த வண்டிகளுக்கு நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. டூரிங் ரகங்களில் கண்ணாடி உடம்போடு நிற்பதால் இந்தப் பயம் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடி பற்றிய பேச்செல்லாம் குளிர் தேசங்களில் பிறந்தது. அங்கே காற்று என்றால் குளிர். முழுக்கத் தடுத்தால் லாபம். மதுரைச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது நெஞ்சில் படுகிற காற்றுதான் வியர்வையை உலர்த்தி ஆளை நிதானத்தில் வைக்கிறது. அதனால் என்னிடம் இப்போது இரண்டு கண்ணாடி. பங்குனியில் பெரியதைக் கழற்றி வண்டியோடு வந்த சின்னதை மாட்டிவிடுவேன், ஆனி பிறந்ததும் மறுபடி பெரியது. நாலு போல்ட், பத்து நிமிடம். சோழவந்தான் பக்கம் வயல் ரோட்டில் சாயங்காலம் போகிறவர்களுக்கு மட்டும் என்ன மாதமானாலும் பெரியதே நல்லது. முகத்தில் மோதும் வயல் பூச்சிகளுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

சாக்கட்டி

கண்ணாடிக்குப் பிறகு சீட். நேர்மையாகச் சொன்னால் சீட்டில்தான் முதலில் கை வைத்திருக்க வேண்டும்.

சீட் கடை அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். பஸ் சீட்டில் தொடங்கிய கை. பஸ் என்றதும் அவருக்கு ஊர்ப் பெருமை வந்துவிடும், டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கி வளர்த்த தொழில் மதுரையில் பஸ்ஸாகத்தானே ஓடியது என்பார். அந்தக் குடும்பத்து டயர் இன்றைக்கும் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில்தான் தயாராகிறது, வண்டி வாங்கினால் டயரைத் திருப்பிப் பாருங்க தம்பி என்பார். பேசிக்கொண்டே என் சீட்டைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். விரல் தகடு வரை போனது.

"பஞ்சு மெத்துன்னு இருந்தா கடையில விக்கும். அம்பது கிலோமீட்டர்ல செத்துரும்."

உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்கு இதமாக இருக்கிற ஃபோம், ஒரு மணி நேரத்தில் நசுங்கித் தகட்டோடு ஒட்டிவிடுகிறது. அப்புறம் நீங்கள் உட்கார்வது பிளாஸ்டிக் மேல், உங்கள் எடையைத் தாங்குவது இரண்டு உட்காரும் எலும்பு. கெட்டியான ஃபோம் முதலில் முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் எடையைப் பரப்பிக்கொடுக்கும். அவர் செய்தது: அடியில் கெட்டி, மேலே ஒரு அங்குலம் இளக்கம். அதைவிட முக்கியம், நடுவில் இருந்த படி. ஓட்டுகிறவர் இடுப்புக்கும் பின்னால் உட்கார்பவர் இடத்துக்கும் நடுவே ஒரு மேடு இருக்குமே, அது எனக்கு முட்டிக்கொண்டிருந்தது. நெட்டையான ஆள் அதனாலேயே முன்னால் தள்ளப்பட்டு, முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து உட்கார்வார். சீட் முன்பக்கம் சரிந்தும் இருந்ததால் பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கினேன். வால் எலும்பின் கணக்கு அங்கே இருந்தது.

என்னை உட்காரச் சொல்லி, கால் ஊன்றச் சொல்லி, தையல்காரர் சாக்கட்டியால் இடுப்புக்குப் பின்னால் ஒரு கோடு போட்டார். தொடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு கோடு. படியை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினார். முன்சரிவை அரை அங்குலம் நிரப்பினார். உயர்த்தியதை ஈடுகட்டத் தொடைப்பக்கம் ஒடுக்கினார், இல்லாவிட்டால் காளவாசல் சிக்னலில் கால் எட்டாது. வேலைக்கு நடுவில், "பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லண்ணே. லாங் போனா நான் தனியாத்தான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலுறைக்குக் கறுப்பு ரெக்சின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். சாம்பல் நிறம், அதன்மேல் காற்றோடும் நெட் உறை. நெட் மழையில் தண்ணீர் குடிக்கும். அதற்குச் சீட்டுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. கண்ணாடித் தகடு, கூலி, சீட் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது, வீணாய்ப்போன ஒன்றரை அடிக் கண்ணாடியை விட்டுவிட்டால்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டாப் பாக்ஸ் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் கனம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கனமானது சீட்டுக்கு அடியில், துணிமணி பெட்டியில். டயரில் காற்று, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிறபடி. சௌகரியத்துக்காகக் குறைத்து வைக்கிறவர்கள் பிரேக்கில் அதற்கு விலை கொடுப்பார்கள். மின்சார ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வசதி: காற்று எவ்வளவு தின்கிறது என்பது மீட்டரில் கிலோமீட்டராகவே குறைந்து தெரியும். சட்டம் என்று பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின், சேசிஸ் பக்கம் போகவே கூடாது. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புவதும் குற்றம். கண்ணாடி எதுவானாலும் ஹெட்லைட்டையோ இண்டிகேட்டரையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கக் கூடாது. பின்னால் இருப்பவரின் கைப்பிடியும் சேலைக் காப்பும் கழற்றக் கூடாதவை. ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி மாற்று ஆகாது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இந்த ஆடியில் மறுபடி போடி. கணவாயில் வண்டி லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. அந்தப் பெருமையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி வரை போனேன். போகிற வழி முழுக்க நூல் கதை, ஃபோம் கதை, பாம்பன் கதை. கணவாய் ஏறியதும் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். இறங்கியவளின் கண் சிவந்திருந்தது, முடி கலைந்து கிடந்தது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, உங்க தலைக்கு மேல போற காத்து அங்கிட்டு எங்க போகுதுன்னு நினைச்சீங்க?"

பின்சீட் முன்சீட்டைவிட உயரம். என் தோளைத் தாண்டிச் சுருண்ட காற்றெல்லாம் நேரே அவள் முகத்துக்குப் போயிருக்கிறது. பின்னால் தள்ளிய அந்த இரண்டு அங்குலமும் யாருடைய இடத்திலிருந்து எடுத்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை இரண்டு பேருமாகச் சீட் கடைக்குப் போனோம். அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார், சாக்கட்டியைக் காதிலிருந்து எடுத்தார்.

"நீங்க ஏறி உக்காருங்கம்மா" என்றார். "தம்பி, நீங்க அங்கிட்டுப் போய் நில்லுங்க."